சொந்த முகவரிக்கு வந்த கதைகள்: ஒரு சிறுகதை எழுத்தாளரின் தளம் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருபவர் ஒரு சிறுகதை எழுத்தாளர். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எனக்கு அவர் அக்கா. இருபது வருடங்களுக்கு மேலாக எழுதுகிறார். அச்சில் வந்தவை கொஞ்சம். மீதியெல்லாம் ஓர் இலவச இணையச் சேவையில் அவரே போட்டவை. அந்தச் சேவை மூடப்படுவதாக ஒரு நாள் மின்னஞ்சல் வந்தது. சில வாரங்கள் கெடு. அதற்குள் இறக்கிக்கொள்ளுங்கள், பிறகு எந்த இணைப்பும் திறக்காது என்று அதில் இருந்தது. அங்கே தொடங்கி, சொந்த டொமைனில் (தளத்துக்கான இணைய முகவரிப் பெயரில்) தளம் அமைத்துப் பழைய கதைகளையும் புதிய கதைகளையும் அவரே வெளியிடும் நிலைக்கு வந்தது வரை கூட இருந்து வேலை பார்த்தேன். என்ன முடிவு எடுத்தோம், ஏன் எடுத்தோம், எது சரியாக வந்தது, எது இன்னும் பாக்கி என்பதை எழுதிவைக்கிறேன். தனக்கென்று ஒரு தளம் வேண்டும் என்று நினைக்கிற எழுத்தாளர்களுக்கு இது உதவ வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தளம் என்றதும் பேச்சு நேராக வடிவமைப்புக்குப் போய்விடுகிறது: என்ன நிறம், எந்த எழுத்துரு, முகப்பில் படம் வேண்டுமா. இவை எப்போது வேண்டுமானாலும் மாற்றக்கூடியவை. எழுதுபவர் கையில் கட்டாயம் இருக்க வேண்டியவை இரண்டுதான்: முகவரி, மூலக் கோப்பு. அக்காவிடம் அந்த இரண்டும் இல்லை. அதனால்தான் ஒரு மின்னஞ்சல் அவர் இருபது வருட எழுத்தை ஆட்டிவிட்டது.

மூடப்படுவது புதிதல்ல

1994ல் தொடங்கிய ஜியோசிட்டீஸ், சாதாரண மக்கள் தங்களுக்கென்று பக்கம் அமைத்துக்கொண்ட முதல் பெரிய இடங்களில் ஒன்று. 1999ல் அதை யாஹூ வாங்கியது. 2009 அக்டோபரில் மூடியது. அதிலிருந்த பக்கங்களில் ஒரு பகுதி இன்று கிடைக்கிறது என்றால், ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வக் குழு கடைசி நேரத்தில் ஓடியோடிப் படியெடுத்ததும் இன்டர்நெட் ஆர்க்கைவ் சேமித்ததும்தான் காரணம். சமூக வலைத்தளமான மைஸ்பேஸ் மூடப்படவே இல்லை. ஆனாலும், பயனர்கள் பல வருடங்களாக ஏற்றிய பாடல்களும் படங்களும் சர்வர் மாற்றத்தின்போது தொலைந்ததாக 2019ல் அது ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு ஏப்ரலில் கூகுள் பிளஸ் போனது. 2025 ஆகஸ்ட் கடைசியில் வலைப்பதிவுச் சேவையான டைப்பேட் தன் மூடலை அறிவித்தது. செப்டம்பர் 30 கடைசி நாள். இருபது வருடத்துக்கு மேல் ஓடிய சேவைக்கு ஒரு மாத அவகாசம்.

பியூ ஆய்வு மையம் 2024ல் வெளியிட்ட கணக்கு இன்னொன்றைக் காட்டுகிறது. 2013ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருடம் கழித்துத் திறக்கவில்லை. இதில் சேவை மூடப்பட்டதால் போனவையும் உண்டு. டொமைனைப் புதுப்பிக்காததால், அல்லது தளத்தைத் திருப்பிக் கட்டியபோது முகவரிகளை மாற்றியதால் போனவையும் உண்டு. ஆக, சொந்தத் தளம் வைத்தாலே எழுத்து நிலைத்துவிடும் என்று எண்ணக் கூடாது. எப்படி வைக்கிறோம் என்பதில் இருக்கிறது.

முகவரி

டொமைன் பெயரை அக்காவே தேர்ந்தெடுத்தார்: அவர் எழுதும் பெயர், அவ்வளவுதான். நான் வலியுறுத்தியது ஒன்றைத்தான். பதிவு அவர் பெயரில், அவர் மின்னஞ்சலில், அவர் கட்டணத்தில் இருக்க வேண்டும். "நீயே உன் கணக்கில் போட்டுவிடேன் தம்பி, எனக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது" என்றார். நான் சம்மதிக்கவில்லை. உதவி செய்பவர் பெயரில் டொமைன் இருந்து, பிறகு அவர் வேலை மாறி, தொடர்பு விட்டுப்போய், சொந்தப் பெயரிலுள்ள தளத்துக்குள் நுழைய முடியாமல் நிற்பவர்கள் நிறைய. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். நட்பெல்லாம் அங்கே செல்லாது.

டாட்காம், டாட்நெட், டாட்ஆர்க் போன்ற பொது டொமைன்களை ஒரே தடவையில் பத்து வருடம் வரை பதிவு செய்யலாம். காலாவதியானாலும் அந்த நிமிடமே பறிபோகாது. பதிவு நிறுவனம் தரும் சலுகை நாட்கள் முடிந்து பெயர் நீக்கப்பட்டால், மீட்டுக்கொள்ள 30 நாள் கிடைக்கும். அந்த நாட்களில் கட்டணம் பல மடங்கு. அதற்கும் மேல் 5 நாள் காத்திருந்து பெயர் பொதுவுக்கு வந்துவிடும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். டாட்இன் போன்ற நாட்டுக் குறியீட்டு டொமைன்களின் விதிகள் வேறு. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு, ஒன்றியத்தோடு வேறு எந்தத் தொடர்பும் இல்லாத பிரிட்டன்காரர்கள் ஒன்றியத்துக்கென்று உள்ள டாட்ஈயு முகவரிகளை இழந்தார்கள். ஒரு எழுத்தாளரின் முகவரி அரசியல் எல்லையோடு சேர்ந்து நகரக் கூடாது என்பதால் பொது டொமைனே எடுத்தோம். பத்து வருடத்துக்குப் பதிவு, தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு, கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு.

டொமைன் பாதி வேலைதான். ஒவ்வொரு கதைக்கும் என்ன முகவரி என்பது மறுபாதி. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998ல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். முகவரியில் பொருள்வகை வேண்டாம், கோப்புப் பெயரின் கடைசியில் வரும் வகைக்குறி (.html போல) வேண்டாம், எந்த மென்பொருளில் ஓடுகிறது என்பதும் வேண்டாம், இவையெல்லாம் பின்னால் மாறும் என்பது அவர் வாதம். ஒன்று எழுதப்பட்ட தேதி மட்டும் மாறாது. அதனால் வருடம், அதன்பின் கதையின் பெயர் என்று வைத்துக்கொண்டோம். 'சிறுகதை', 'கட்டுரை' என்ற வகைப்பெயரை முகவரியில் சேர்க்கவில்லை. அக்கா ஒன்றைக் கட்டுரையாகத் தொடங்கிக் கதையாக முடிப்பவர், அவருக்கு இது பொருத்தமும்கூட.

கதையின் பெயரைத் தமிழிலேயே முகவரியில் வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. உலாவியின் மேல்பட்டையில் அது அழகாகத் தமிழில்தான் தெரியும். ஆனால் நகலெடுத்து ஒரு செய்தியில் ஒட்டினால் சதவீதக் குறிகளும் எழுத்தெண்களுமாக நீண்டுவிடும். 'க' என்ற ஒரே எழுத்து, இணையத்தில் எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8ல் மூன்று பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் மூன்று குறியாக எழுதப்படுவதால் மொத்தம் ஒன்பது குறி. மெய்யின் புள்ளிக்கும் துணைக்காலுக்கும் தனித்தனியே ஒன்பது. 'மழைக்காலம் முடிந்த பிறகு' என்று ஒரு தலைப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். இடைக்கோடுகளையும் சேர்த்தால் சரியாக 200 குறி. நாங்கள் எடுத்த தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ் தன் தரவுத்தளத்தில் முகவரிப் பெயருக்கு ஒதுக்கியிருக்கும் இடமும் 200தான். இதைவிட ஓரெழுத்து கூடினாலும் வால் வெட்டுப்பட்டுவிடும். ஒரே மாதிரி தொடங்கும் இரண்டு தலைப்புகள் வெட்டுப்பட்டால், இரண்டாவதன் வாலில் எண் ஒட்டிக்கொள்ளும். இதைச் செய்து காட்டிய பிறகு அக்கா ஒப்புக்கொண்டார். முகவரியில் ஒன்றிரண்டு சொல் மட்டும், ரோமன் எழுத்தில். தலைப்பு முழுக்கத் தமிழில்.

எதில் கட்டுவது

தொழில்நுட்பம் தெரிந்த நண்பர்கள் ஒரே குரலில் சொன்னது நிலைத்தளம்: ஜெகில், ஹியூகோ மாதிரி ஒரு கருவி, எளிய உரைக் கோப்புகளைப் பக்கங்களாக மாற்றித் தரும். தரவுத்தளம் இல்லை, உடைந்துபோக ஒன்றுமில்லை, வேகமாகத் திறக்கும். எனக்கும் இதில் மிகுந்த பிடிப்பு உண்டு. ஆனால் அக்கா ஒரு நிபந்தனை வைத்தார்: "ராத்திரி ஒரு மணிக்குக் கதை முடிந்தால் ராத்திரி ஒரு மணிக்கே அது போய்விட வேண்டும். உன்னை எழுப்ப மாட்டேன்."

அந்த நிபந்தனைதான் முடிவைத் தந்தது. தன் எழுத்தை வெளியிட இன்னொருவர் விழித்திருக்க வேண்டும் என்றால் அது சுயாதீன வெளியீடு ஆகாது. எடுத்தது வேர்ட்பிரஸ், அதுவும் வேர்ட்பிரஸ் சேவையில் ஒரு கணக்காக இல்லாமல், தனி ஹோஸ்டிங்கில் (தளத்தை வைக்க வாடகைக்கு எடுக்கும் சர்வர் இடத்தில்) நிறுவிக்கொண்ட மென்பொருளாக. 2003ல் வெளிவந்த இது, யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் இடம் தரும் ஜிபிஎல் உரிமத்தில் இருக்கிறது. நாளை இந்த ஹோஸ்டிங் பிடிக்காவிட்டால் தரவுத்தளத்தையும் கோப்புகளையும் தூக்கிக்கொண்டு வேறிடம் போய்விடலாம், டொமைனைப் புது சர்வருக்குத் திருப்பிவிட்டால் வாசகருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

வேர்ட்பிரஸின் சங்கடம் பராமரிப்பு. பெரும்பாலும் தளங்கள் உடைக்கப்படுவது பழைய நீட்சிகள் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு மென்பொருள்கள்) வழியாகத்தான். அதனால் நீட்சிகளைக் கைவிரலில் எண்ணிவிடுகிற அளவில் நிறுத்திக்கொண்டோம், தானியங்கிப் புதுப்பிப்பை இயக்கினோம். பாதுகாப்புச் சான்றிதழ் லெட்ஸ் என்கிரிப்ட் தருவது, இலவசம். ஹோஸ்டிங்கே அவ்வப்போது புதுப்பித்துக்கொள்கிறது.

மூலக் கோப்பு மட்டும் வேர்ட்பிரஸுக்குள் இல்லை. ஒவ்வொரு கதையும் தனித்தனி எளிய உரைக் கோப்பாக, மார்க்டவுன் குறிகளோடு (தலைப்பு, சாய்வெழுத்து போன்றவற்றைக் காட்டும் எளிய குறிகள்), அக்காவின் கணினியில் வருடவாரியாக இருக்கிறது. தளத்தில் இருப்பது அதன் பிரதி. அவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான், இப்போது அவரே மற்றவர்களுக்குச் சொல்கிறார். அதே கோப்புகளை பேன்டாக் என்ற இலவச மென்பொருளில் கொடுத்தால் இபப் வடிவ மின்னூலாகவும் வரும். ஒரு தொகுப்பு அப்படியே தயாரானது. பிடிஎஃப்பை மூலமாக யாரும் வைத்துக்கொள்ள வேண்டாம். அதிலிருந்து தமிழை நகலெடுத்துப் பாருங்கள். கொம்புகளும் கால்களும் இடம் மாறி வரும் கோப்புகளே அதிகம்.

பழைய எழுத்து

வேலையில் பெரும்பகுதி இங்கேதான் போனது. அதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

அக்காவின் ஆரம்பக் கதைகள் ஒருங்குறிக்கு (யூனிகோட், இன்று எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) முந்திய பழக்கத்தில் தட்டப்பட்டவை: சில திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டு முறையில், சில ஒரு குறிப்பிட்ட எழுத்துரு இருந்தால்தான் படிக்க முடிகிற வகையில். எழுத்துரு இல்லாத கணினியில் அவை லத்தீன் எழுத்துக் குப்பையாகத் தெரியும். திஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும். 'கொ' என்றால் முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு 'க', பிறகு கால். ஒருங்குறியில் உச்சரிப்பு வரிசை: முதலில் 'க', அதன்பின் ஒகரக் குறி. மாற்றிகள் இதை நன்றாகவே செய்துவிடுகின்றன. அவை திருத்தாதது மனிதர் தட்டிய பிழையை.

அக்காவின் ஒரு கதையில் 'கௌரவம்' என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். தளத்தின் தேடுபெட்டியில் அதைத் தட்டினோம். அந்தக் கதை வரவே இல்லை. கோப்பைத் திறந்தால் சொல் இருக்கிறது, கண்ணுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பார்த்ததும் விளங்கியது. ககரத்துக்குப் பின் ஔகாரக் குறி இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் தனித்தனியாக இருந்தன: 'கெளரவம்'. 'மெளனம்', 'பெளர்ணமி', 'ஒளவை' எல்லாம் இப்படியே. படிப்பவர் சரியாகப் படித்துவிடுவார். தேடுபொறிக்கு இது வேறு சொல். உரையை வாசித்துக்காட்டும் மென்பொருளோ 'கெ-ள-ர-வ-ம்' என்றே வாசிக்கும்.

ஒரே கட்டளையில் மாற்றிவிடலாமே என்று தோன்றும். மாற்றினால் 'வெளி' கெடும், 'தெளிவு' கெடும், 'வெள்ளை' கெடும். கெளுத்தி மீனும் தப்பாது. அதனால் எல்லாக் கோப்புகளிலிருந்தும் கொம்பும் ளகரமும் அடுத்தடுத்து வரும் சொற்களை மட்டும் பிரித்தெடுத்துப் பட்டியலாக அச்சிட்டுக் கொடுத்தேன். அக்கா பேனாவால் டிக் அடித்த சொற்களை மட்டும் மாற்றினோம். துணைக்காலுக்குப் பதில் ரகரம் விழுந்த இடங்களுக்கும் இதே முறைதான்: 'பாடம்' என்பது 'பரடம்' என்று கிடக்கும், சில எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

இதைவிடச் சுலபமாகத் தீர்ந்தது ஒகரக் குறியின் சிக்கல். ஒருங்குறியில் 'ொ' என்பதை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம், திரையில் ஒன்றே. இயல்பாக்கம் என்ற ஒரு படி எல்லாவற்றையும் ஒற்றைக் குறிக்குக் கொண்டுவந்துவிடும். இதற்கு மனிதக் கண் தேவையில்லை, ஒரு சிறு நிரல் போதும். தமிழில் தளம் வைக்கிற எல்லோரும் பழைய உரையை ஏற்றும் முன் இந்த ஒரு படியையாவது செய்துவிடுங்கள்.

தோற்றம்

இதைச் சீக்கிரம் முடித்தோம். நோட்டோ செரிப் தமிழ் எழுத்துரு, திறந்த உரிமம் கொண்டது. தமிழில் மேலே விசிறியும் கீழே சுழியும் வருவதால் வரி இடைவெளி ஆங்கிலப் பக்கத்தைவிடக் கூடுதல். இருபக்கமும் நேராக்குவதில்லை, நம் சொற்கள் நீளமானவை, கைபேசித் திரையில் நேராக்கினால் வரிக்குள் பெரிய பெரிய ஓட்டை விழும். பக்கத்தின் மொழி தமிழ் என்று எச்டிஎம்எல்லில் அறிவித்தோம். வாசிப்பு மென்பொருள் எந்தக் குரலில் படிப்பது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்கிறது. ஆயிரம் சொல் கதை 30 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். சுருக்கி அனுப்பும்போது இன்னும் வெகுவாகக் குறையும், ஏனென்றால் தமிழ் எழுத்துகளின் முதல் பைட் எப்போதும் ஒன்றேதான், இரண்டாவதும் இரண்டில் ஒன்று. கைபேசியில் எடுத்த ஒரு புகைப்படம் இதைப் போல் நூறு கதைக்குச் சமம். அதனால் படம் இல்லை.

வாசகர் எப்படி வருவார்

பழைய சேவை முகவரித் திருப்பம் தரவில்லை. அது மட்டும் கிடைத்திருந்தால் பாதி இழப்பு நேர்ந்திருக்காது. பழைய இணைப்பைத் திறப்பவர் தானாகவே புது முகவரிக்கு வந்திருப்பார், தேடுபொறிகளும் புரிந்துகொண்டிருக்கும். சொந்த டொமைன் முதலிலிருந்தே இருந்திருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. கிடைத்த அவகாசத்தில் செய்யக்கூடியதைச் செய்தோம். ஒவ்வொரு பழைய பக்கத்தின் தலையிலும் புது முகவரியை எழுதினோம். அப்படி எழுதிய பிறகு அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாக பழைய பக்கங்களின் பிரதிகளை வைத்திருக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் சேமித்தோம். பழைய முகவரியை அங்கே தேடுகிறவருக்கு இப்போது வழிகாட்டி கிடைக்கும். புதுத் தளத்தில் ஒவ்வொரு கதையின் அடியிலும் அது முதலில் வெளியான தேதியும் இடமும் இருக்கிறது.

புதிய எழுத்துக்கு ஒழுங்கு எளிது. முதலில் தன் தளத்தில் வரும். அப்புறம் சமூக வலைத்தளங்களில் ஒரு பத்தியும் இணைப்பும். சொந்தத் தளத்தை முதன்மையாக வைக்கச் சொல்லும் இண்டிவெப் இயக்கத்தினர் 2010கள் தொட்டு வலியுறுத்தும் வழக்கம் இது. அக்கா சமூக வலைத்தளங்களை விட்டு விலகவில்லை, விலகச் சொல்லவும் மாட்டேன். அவருடைய வாசகர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். மூலப்பிரதி அங்கே இல்லை, அவ்வளவே.

ஆர்எஸ்எஸ் ஓடை (புதுப் பதிவுகளை வாசகரின் செயலிக்குத் தானாகக் கொண்டுசேர்க்கும் வழி) முழு உரையோடு போகிறது. இது பற்றி இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. முதல் பத்தியை மட்டும் கொடுத்தால் தளத்துக்கு வருவார்களே என்றார் அக்கா. ஓடையில் படிப்பவர் ஒவ்வொரு கதையையும் தேடிப் பிடித்துப் படிக்கும் வாசகர். அவரைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்பது என் பக்கம். ஓடைகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் நின்றபோது ஆர்எஸ்எஸ் முடிந்தது என்றார்கள். முடியவில்லை, பாட்காஸ்ட் உலகம் இன்றும் பெரும்பாலும் அதன் மேல்தான் ஓடுகிறது. எந்த நிறுவனத்தின் வரிசைப்படுத்தலும் குறுக்கே நிற்காமல் எழுத்தாளரிடமிருந்து வாசகருக்குப் போகும் வழி வேறு எத்தனை இருக்கிறது?

உரிமை விஷயத்தில் ஒரு வார்த்தை. பதிப்புரிமை பற்றிய சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் எழுதிய கணமே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது, பதிவு தேவையில்லை. ஆனால் அச்சில் வந்த கதைகளுக்கு எழுதிக்கொடுத்த ஒப்பந்தங்களைப் படித்துப் பார்த்தே ஆக வேண்டும். இரண்டு கதைகளுக்கு மின்வடிவ உரிமையும் சேர்த்துக் கொடுக்கப்பட்டிருந்தது. அவற்றை ஏற்றவில்லை, பதிப்பாளருக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்.

இன்றைய நிலை

முதல் மாதங்களில் வாசகர் வருகை நன்றாகக் குறைந்தது. தேடுபொறிகள் புதுத் தளத்தை அறிந்துகொள்ளும் வரை அது அப்படித்தான் இருந்தது. அக்கா சோர்ந்துபோன நாட்கள் உண்டு. பிறகு வாசகர்கள் வேறு விதமாக வந்தார்கள்: ஒரு கதைக்கு வந்தவர் அங்கேயே வருடவாரிப் பட்டியலைத் திறந்து பழையதையெல்லாம் படிக்கிறார். பழைய சேவையில் பழைய கதை அடியில் புதைந்து கிடந்தது. இங்கே 20 வருடமும் ஒரே பக்கத்தில் தெரிகிறது. அந்தப் பட்டியல் பக்கத்தைத்தான் தளத்தின் மிகச் சிறந்த பக்கமாக நான் கருதுகிறேன், அதில் வடிவமைப்பு என்று ஒன்றுமே இல்லை.

பேக்கப் மூன்று இடத்தில் இருக்கிறது: அவர் கணினி, வெளி வன்தட்டு, வேறொரு ஊரில் இருக்கும் உறவினரிடம் ஒரு பிரதி. எடுத்துவைத்தால் மட்டும் போதாது என்று, வேறொரு சர்வரில் பிரதியிலிருந்து தளத்தை முழுதாகத் திரும்பக் கட்டிப் பார்த்தோம். கட்ட முடிந்தது. டொமைன் கணக்கு, ஹோஸ்டிங் கணக்கு, கடவுச்சொல் மேலாண்மைச் செயலியின் மீட்புச் சாவி ஆகிய மூன்றின் விவரமும் ஒரு தாளில் எழுதப்பட்டு அக்காவின் மகளிடம் இருக்கிறது. தனக்குப் பிறகும் கதைகள் திறந்திருக்க வேண்டும் என்று அவரே கேட்டுச் செய்த ஏற்பாடு.

பாக்கி இருப்பது ஒன்று. ஒரு சில கோப்புகள் எந்த எழுத்துருவில் தட்டப்பட்டவை என்று கண்டுபிடிக்க முடியவில்லை, கைக்கெட்டிய எந்த மாற்றியும் அவற்றைத் திறக்கவில்லை. அச்சுப் பிரதி இருக்கும் கதைகளை அக்கா தானே மறுபடி தட்டச்சு செய்துவருகிறார். தட்டும்போது வாக்கியத்தைத் திருத்தத் தோன்றுகிறது என்று கேட்டார். பழைய வடிவத்தை அதன் முகவரியில் அப்படியே விட்டுவிட்டு, திருத்திய வடிவத்துக்குத் தனி முகவரி கொடுத்து, ஒன்றிலிருந்து மற்றதற்கு இணைப்பு போடுவது என்று முடிவு செய்திருக்கிறோம்.